‘பட்டான்’ முதல் ‘பிற்படுத்தப்பட்டோர்’ வரை

ஜவ்வாது மலையின் தென்பக்கம் இறங்கினால் செங்கம் வட்டாரம். அங்கே எடுத்தனூரில் கிடைத்த நடுகல் ஒன்று, முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி, எழுத்து வட்டெழுத்து. தன் எருமைகளைக் காக்கப்போய் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக நட்ட கல் அது. அவன் உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். அது கள்ளனைக் கடித்துக் ‘காத்திருந்தது’ என்கிறது கல். வீரன் ‘பட்டான்’ என்கிறது.

இரண்டும் இன்றும் வழக்கில் இருக்கும் வினைகள்தான். ஆனால் இன்று பேருந்துக்குக் காத்திருக்கிறோம்; கோவிவன் காவல் காத்தபடி அங்கேயே இருந்தது. ‘கா’ என்ற வினையும் ‘இரு’ என்ற வினையும் இறுகி ஒட்டிப்போய், காவல் என்ற பொருளே உதிர்ந்து, நேரம் போக்குவது மட்டும் மிஞ்சிவிட்டது. ‘பட்டான்’ கடந்து வந்த தூரம் இதைவிட அதிகம். சாவைச் சொன்ன அந்த வினை இன்று புறப்படுகிறது, வெட்கப்படுகிறது, பயன்படுகிறது, அரசாணைகளில் ‘அறிவிக்கப்படுகிறது’.

ஆங்கிலம் படிக்கும் நம் பிள்ளைகளைத் திணறடிக்கும் பகுதி ஒன்று உண்டு. ‘செட்’ என்றால் வை. ‘அவுட்’ என்றால் வெளியே. இரண்டையும் சேர்த்தால் ‘புறப்படு’ என்று எப்படி ஆகிறது? ‘புட் அப் வித்’ ஏன் பொறுத்துக்கொள்வதைக் குறிக்கிறது? 1755இல் தம் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அயலாருக்கு ஆங்கிலத்தில் மிகவும் கடினமானது இந்தச் சேர்க்கைதான் என்று முன்னுரையிலேயே எழுதினார். ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்ற பெயர் பரவியது அதற்கு வெகுகாலம் கழித்து, லோகன் பியர்சால் ஸ்மித் 1925இல் வெளியிட்ட நூலின் வழியாக. சிறிய, அன்றாட வினை ஒன்று. திசையையோ இடத்தையோ சொல்லும் துணுக்கு ஒன்று. இரண்டும் சேர்ந்தால் தனித்தனியே இல்லாத பொருள் ஒன்று. இது அயல்மொழியின் விசித்திரம் என்று நம் வகுப்பறைகள் சொல்லித் தருகின்றன. ‘புறப்படு’ என்ற சொல்லை ஒருமுறை பிரித்துப் பார்த்தால் போதும். புறம் என்றால் வெளியே. ‘செட் அவுட்’டின் ‘அவுட்’டும் அதேதான்.

தமிழில் திசைச்சொற்கள் ‘படு’வோடு சேர்ந்து நிற்கும் வரிசை நீளமானது. வெளியே வந்தால் வெளிப்படு. உள்ளே அடங்கினால் உட்படு. மேலே போனால் மேற்படு. ‘ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்’ என்கிறோம். முன்னே வந்தால் முற்படு, அது முயல்வதாகிவிட்டது. பின்னே நின்றால் பிற்படு. இடையே இடைப்படு, எதிரே எதிர்ப்படு, அப்பால் அப்பாற்படு. கூடச் சேர்ந்தால் உடன்படு. ஒரே பக்கம் நிற்பது சம்மதமாக மாறியது. வழியிலே பட்டால் வழிபடு. காட்டிய வழியில் நடப்பது வணங்குவதாயிற்று. அகத்தே பட்டால் அகப்படு, சிக்கிக்கொள். இத்தனையையும் தாங்கும் ‘படு’வுக்குத் தனியே என்ன பொருள் என்று கேட்டால், தமிழே தாய்மொழியாய்ப் பேசுபவரும் சற்று யோசிப்பார்.

விடை தேட ஜவ்வாது மலையைச் சுற்றியுள்ள பகுதியை விட்டு நகர வேண்டியதில்லை. பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டு மலைபடுகடாம். செங்கண்மா என்ற ஊரை ஆண்ட நன்னன் சேய் நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள். செங்கண்மாதான் இன்றைய செங்கம். பாட்டில் வரும் நவிரமலை இன்றைய பர்வதமலை. சேயாறு, ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு. கூத்தரை நன்னனிடம் ஆற்றுப்படுத்துவதால் அதற்குக் கூத்தராற்றுப்படை என்றும் பெயருண்டு. அங்கேயும் ‘படு’வின் உறவுச்சொல்லே நிற்கிறது. மலைபடுகடாம் என்ற பெயரில் மலை யானையாகிறது. அதில் எழும் ஓசைகள் மதநீராகின்றன. இங்கே ‘படு’ என்றால் தோன்று, பிற, உண்டாகு. சங்கப் புலவர்கள் முரசு பட்டது என்றால் முழங்கியது என்று பொருள். கண் பட்டது என்றால் உறங்கியது.

அதே மலையடிவாரத்தில் சில நூற்றாண்டுகள் கழித்துக் ‘படு’ சாவைக் குறிக்கிறது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் இயக்குநராக இருந்த இரா.நாகசாமி, இந்தப் பகுதியின் கல்வெட்டுகளைத் தொகுத்து 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ நூலைக் கொண்டுவந்தார். சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் காலத்துக் கற்களில் ஒரே அச்சு திரும்பத் திரும்ப வருகிறது: அரசன் பெயர், ஆட்சியாண்டு, தலைவன் பெயர், கவர்ந்த தொறு, மீட்கப்போன ஆள், பிறகு ‘பட்டான்’. தொறு என்றால் மாட்டு மந்தை. இறந்தான், மாய்ந்தான், வீழ்ந்தான் என்று வேறு சொற்கள் இருந்தும் கல்தச்சர்கள் விடாமல் ‘பட்டான்’ என்றே வெட்டினார்கள். அம்பு பட்டது, வாள் பட்டது, ஆள் பட்டான். மேலே வந்து விழுந்த ஒன்றை ஏற்றுக்கொண்டவன் என்ற பொருள் அதற்குள் இருக்கிறது.

இந்த வினைக்கு நடு நரம்பு அதுதான். தன் விருப்பத்தைக் கேளாமல் ஒன்று வந்து சேர்வது, வந்து மோதுவது. ஓசை காதுக்கு வந்தால் பட்டது. வெயில் தோலுக்கு வந்தால் பட்டது. மீன் வலைக்கு வந்தாலும் அப்படித்தான். கடற்கரையில் கிடைத்த மீனை இன்றும் ‘மீன்பாடு’ என்கிறார்கள். துன்பம் வந்தால் பாடு. சாவு வந்தாலும் படுதலே. ஞாயிறு படுவது அது மறைவது. நெய்தல் திணைக்குரிய பொழுதான எற்பாடு என்பதை மாலை என்று உரையாசிரியர்கள் கொண்டது இதனால்தான். படுதலுக்குத் தோன்றுதல் என்ற பொருளும் இருப்பதால், அதைக் காலை என்று கொண்டவர்களும் உண்டு. ஒரே வினை எழுவதையும் அடைவதையும் சொல்லும் என்றால் புலவர்களுக்குள் வழக்கு வராமல் என்ன செய்யும்?

மலையோரக் கிராமத்துப் பேச்சில் சாவுப் பொருள் முழுதாய் மறைந்துவிடவில்லை. மனிதருக்கு அதைச் சொல்வதில்லை, மரத்துக்குச் சொல்கிறோம். “மரம் பட்டுப்போச்சு” என்றால் காய்ந்து செத்துவிட்டது. பட்ட மரம் என்றால் இனித் துளிர்க்காதது. பல்லவர் காலத்தில் வீரனுக்கு உரியதாய் இருந்த வினை, இன்று புளியமரத்துக்கும் பலாமரத்துக்கும் உரியதாய் நிற்கிறது. அகராதி எழுதுபவர்கள் ‘பட்டுப்போ’ என்பதைத் தனிப் பதிவாகப் போட்டு நகர்ந்துவிடாமல், பக்கத்திலேயே நடுகல்லையும் நிறுத்தினால் படிப்பவருக்கு எவ்வளவு பயன்!

கண்ணோடு இந்த வினை சேர்ந்த கதை தனி. பழந்தமிழில் ‘கண்படு’ என்றால் தூங்கு. கண்படை என்றால் உறக்கம். இப்போது யாரேனும் “குழந்தைக்குக் கண்ணு பட்டுடுச்சு” என்றால் திருஷ்டி. உடனே மிளகாயும் உப்பும் சுற்றிப் போடுவார்கள். “கண்ணுல படவே மாட்டேங்கிறானே” என்றால் பார்க்கவே முடியவில்லை என்று அர்த்தம். உருபு ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பொருள் தலைகீழாகிறது. முதல் வாக்கியத்தில் கண்ணே போய்த் தாக்குகிறது. இரண்டாவதில் ஆள்தான் கண்ணில் வந்து மோத வேண்டும். ஆங்கிலத்தில் ‘லுக் ஆஃப்டர்’, ‘லுக் ஃபார்’, ‘லுக் டவுன் ஆன்’ என்று துணுக்கு மாறும்போது நடப்பதைத் தமிழ் உருபுகளை வைத்தே நடத்திவிடுகிறது.

காணும் வகைகளையே எத்தனை நுட்பமாகப் பிரிக்கிறது ‘படு’! ஜவ்வாது மலையில் காவலூர் வான் ஆய்வகம் இருக்கிறது, 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே செயல்படத் தொடங்கியது. அதற்கு முன்பே, 1977 மார்ச் 10ஆம் தேதி, யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கும் நிகழ்வைப் பதிவுசெய்ய அங்கே ஒரு மீட்டர் தொலைநோக்கியோடு ஜே.சி.பட்டாச்சார்யாவும் கே.குப்புசாமியும் உட்கார்ந்திருந்தார்கள். கோள் மறைக்க வேண்டிய நேரத்துக்கு முன்பே விண்மீனின் ஒளி மங்கியது. உலகின் வேறு சில இடங்களிலும் அதே இரவில் இப்படி மங்கியதை வைத்து, யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது வெளிப்பட்டது. இதைச் சொல்லத் தமிழில் எந்த வினை? விண்மீன் தென்பட்டது, அதாவது பார்வை எட்டும் இடத்துக்கு வந்தது. ஒளி மங்கியது தட்டுப்பட்டது, அதாவது தேடாமலே கைக்கு அகப்பட்டது. வளையம் உண்டு என்பது புலப்பட்டது, அதாவது அறிவுக்கு வந்து சேர்ந்தது. ஒளி முன்பே மங்கியதன் கணக்கு பிடிபட்டது, அதாவது விளங்கியது. திருடன் பிடிபடுவதும் கணக்கு பிடிபடுவதும் ஒரே சொல். ‘காணப்பட்டது’ என்று நான்கையும் ஒன்றாக்கும் பத்திரிகை வழக்கத்தால் நட்டம் நமக்குத்தான்.

உணர்ச்சிகளுக்கும் இதுவே தாங்குதூண். ஆசைப்படு, கோபப்படு, பயப்படு, வெட்கப்படு, பொறாமைப்படு, கவலைப்படு, பெருமைப்படு. வடமொழிச் சொற்களையும் இது தயக்கமின்றி ஏற்றது: சந்தோஷப்படு, சிரமப்படு, அவசரப்படு, சந்தேகப்படு. உணர்ச்சி என்பது வந்து தாக்கும் ஒன்று என்ற பார்வை இவற்றில் தெரிகிறது. ஆனால் ஆங்கிலச் சொற்கள் வந்தபோது ‘படு’ கதவைச் சாத்திக்கொண்டது. “ஃபீல் பண்றேன்” என்கிறார்கள், “டென்ஷன் ஆகாதே” என்கிறார்கள், ஃபீல்படுவதில்லை, டென்ஷன்படுவதில்லை. வருத்தப்படுவது மேலே வந்து விழுகிறது. ஃபீல் பண்ணுவதோ ஆளே செய்யும் வேலை. நகரத்து இளைஞர்களின் பேச்சில் இந்த மாற்றம் வேகமாக நடக்கிறது. அது வெறும் கலப்பு என்று ஒதுக்குவதற்கு முன், உணர்ச்சியைப் பற்றிய எண்ணமே அங்கே இடம் மாறுவதைக் கவனிக்க வேண்டும்.

அண்டை மொழிகளிலும் இந்த வினை நன்றாக வாழ்கிறது. தெலுங்கில் ‘படு’ என்றால் விழு. கன்னடத்தில் அனுபவி, அடை. மலையாளத்தில் அது ‘பெடு’ ஆகி, விபத்தில் ‘பெட்டு’ என்று சிக்கிக்கொண்டதைச் சொல்கிறது. நான்கிலும் செயப்பாட்டு வினைக்கு இதுவே துணை.

சிக்கல் தொடங்குவது அந்தச் செயப்பாட்டு வினையில். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதிய கால்டுவெல், வினைச்சொல்லுக்குள்ளேயே செயப்பாட்டைக் காட்டும் உருபு இம்மொழிகளில் இல்லை என்றும், ‘படு’ என்ற துணைவினையே அதற்கு உதவுகிறது என்றும் விளக்கினார். அதற்கு வெகுகாலம் முன்பே தொல்காப்பியம் ‘செயப்படுபொருள்’ என்று பெயரிட்டிருக்கிறது. செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்லும் வழக்கையும் மரபு என்று ஏற்றிருக்கிறது. உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு ‘திண்ணை மெழுகிற்று’. திண்ணை தானே மெழுகிக்கொள்ளாது, யாரோ மெழுகினார்கள். ஆனாலும் ‘மெழுகப்பட்டது’ என்று சொல்லத் தேவையில்லை. இன்றைய வீடுகளில் “பாத்திரம் கழுவியாச்சு”, “சாமை வித்துடுச்சு”, “கதவு திறந்துக்குச்சு” என்று பேசுவதெல்லாம் அந்த மரபின் பிள்ளைகள்தான். பள்ளி வினாத்தாளோ ‘நாயால் கள்ளன் கடிக்கப்பட்டான்’ என்று எழுதச் சொல்லி மதிப்பெண் கொடுக்கிறது. எடுத்தனூர்க் கல்லில் எழுதியவர் அப்படி எழுதவில்லை. நாய்தான் அங்கே எழுவாய், அதுவும் பெயரோடு.

அலுவலகத் தமிழுக்கு இந்தப் ‘படு’ பிடித்துப்போன காரணம் வெளிப்படையானது. செய்தவரைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். ‘அனுமதிக்கப்படமாட்டாது’, ‘பரிசீலிக்கப்பட்டு வருகிறது’, ‘மனு நிராகரிக்கப்பட்டது’. யார் அனுமதிக்கவில்லை, யார் பரிசீலிக்கிறார், யார் நிராகரித்தார்? 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி மலைவாசி ஒருவர் தம் நிலத்துக்கு உரிமை கேட்டு மனுக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கிராம சபை, உட்கோட்டக் குழு, மாவட்டக் குழு என்று மூன்று படிகள் சட்டத்தில் உண்டு. நிராகரித்தது எந்தப் படி என்று தெரிந்தால்தான் எங்கே மேல்முறையீடு செய்வது என்பது தெரியும். ‘நிராகரிக்கப்பட்டது’ என்ற ஒற்றைச் சொல் அந்த ஆளை இருட்டில் நிறுத்துகிறது. ‘இன்ன குழு நிராகரித்தது’ என்று எழுதினால் இரண்டு சொற்கள்தான் கூடும். மனுக்காரருக்கு ஒரு வழி திறக்கும். நல்ல செய்தியிலும் இதே குறை உண்டு. 1988இல் காவலூரில் ஒரு சிறுகோள் ‘கண்டுபிடிக்கப்பட்டது’, அதற்கு ராமானுஜன் என்று பெயர் ‘சூட்டப்பட்டது’ என்று எழுதினால், கண்டுபிடித்த ஆர்.ராஜமோகன் வாக்கியத்தை விட்டே போய்விடுகிறார்.

இதை வைத்துச் செயப்பாட்டு வினையே கூடாது, அது ஆங்கில நிழல் என்று தள்ளும் தமிழாசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு பெரிய விஷயத்தைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

‘பிற்பட்டோர்’, ‘பிற்படுத்தப்பட்டோர்’ என்ற இரண்டு சொற்களையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். பிற்பட்டவர் பின்னே நிற்பவர். ஏன் என்ற கேள்வியே அதில் இல்லை. பிற்படுத்தப்பட்டவரை யாரோ பின்னே தள்ளியிருக்கிறார்கள். இந்த ஒரே சொல்லுக்குள் ‘படு’ இரண்டு முறை வருகிறது: பின்னே நிற்கச் செய்யும் ‘படுத்து’ என்பதில் ஒன்று, அந்தச் செயலுக்கு ஆளானதைச் சொல்லும் ‘பட்ட’ என்பதில் மற்றொன்று. இந்திய அரசமைப்புச் சட்டத்தின் ஆங்கில மூலத்தில் இருப்பது ‘பேக்வர்ட்’ என்ற பெயரடை. பின்னுக்குத் தள்ளிய கை அதில் இல்லை. தமிழில் அந்தக் கை இருக்கிறது. தமிழ்நாட்டில் 1969இல் ஏ.என்.சட்டநாதன் தலைமையில் பிற்படுத்தப்பட்டோருக்கான ஆணையம் அமைந்தது. இன்று அரசுத் துறையின் பெயரிலும் அதே சொல் நிற்கிறது. தாழ்ந்தவர் என்பதைத் தாழ்த்தப்பட்டவர் என்று மாற்றியதிலும், ஒடுக்கப்பட்டோர், ஒதுக்கப்பட்டோர் என்ற சொற்களிலும் இதே நீதியுணர்ச்சி வேலை செய்கிறது. இங்கே செயப்பாட்டு வினை, பெயர் சொல்லாவிட்டாலும் செய்தவர் ஒருவர் உண்டு என்று சாட்சி சொல்கிறது.

ஆக, மனுவை நிராகரிக்கும் தாளில் செய்தவரை மறைப்பதும் இதே வினைதான்; ஒரு சமூகத்தின் பெயரில் செய்தவரை நினைவூட்டுவதும் இதே வினைதான். செய்தவர் யார் என்று தெரிந்திருந்தும் சொல்லாமல் விடும்போது அது ஒளிவு. அநீதி இயல்பாய் நேர்ந்தது என்று எல்லாரும் நினைத்திருக்கும்போது ‘இது செய்யப்பட்டது’ என்று சொன்னால் அது வெளிச்சம்.

‘படு’வின் பெயர்ச்சொற்களுக்குத் தனிக் கட்டுரையே வேண்டும். ஏற்பாடு, குறைபாடு, கோட்பாடு, மேம்பாடு, வெளிப்பாடு, செயல்பாடு என்று நாளிதழின் முதல் பக்கமே இதன்மேல் நிற்கிறது. தட்டுப்படுவது கிடைப்பது, தட்டுப்பாடோ கிடைக்காமல் போவது. அவள் பாட்டுக்குப் போகிறாள் என்பதில் உள்ள ‘பாட்டுக்கு’ பாடலோடு சேர்ந்தது இல்லை. தன் பாடு, தன் வழி என்பது அது. பண்பாடு என்ற சொல்லை ‘கல்ச்சர்’ என்பதற்கு ஈடாக 1937 வாக்கில் ரசிகமணி டி.கே.சி. வழக்குக்குக் கொண்டுவந்தார் என்பது எஸ்.வையாபுரிப் பிள்ளை தரும் செய்தி. உழுது பக்குவமாக்கிய நிலத்தைப் பண்பட்ட நிலம் என்கிறோம். ஐரோப்பியச் சொல்லின் வேரும் உழவில்தான் இருக்கிறது. டி.கே.சி.யின் காது எவ்வளவு கூர்மை!

எதிர்மறையாகவும் மிகையாகவும் சில வழக்குகள் உண்டு. படுதோல்வி, படுகொலை, படுமோசம், படுஜோர் என்பவற்றில் ‘படு’ மிகுதியைச் சொல்கிறது. “என்னைப் படுத்தாதே” என்றால் தொல்லை கொடுக்காதே. “பட்டாத்தான் தெரியும்” என்பது அனுபவம். பட்ட காலிலேயே படும் என்ற பழமொழியில் வந்து மோதும் அந்த ஆதிப் பொருள் கொஞ்சமும் தேயாமல் நிற்கிறது. படுக்கையில் படுப்பது மட்டும் வேறு வாய்பாட்டில் நடக்கிறது: படுக்கிறான், படுத்தான். வருத்தம் படுகிறது, பட்டது என்று மெலிந்து நடப்பதோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் தமிழ் கற்க வரும் அயல்நாட்டினர்தான். வீட்டில் தமிழ் பேசும் குழந்தைக்கு மூன்று வயதில் இது பிடிபட்டுவிடுகிறது.

அந்தக் குழந்தை வளர்ந்து, ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் உள்ள அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் ஆங்கில வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது, ‘செட் அவுட்’டையும் ‘கம் அக்ராஸ்’ஸையும் மனப்பாடம் செய்யச் சொல்வது வீண் உழைப்பு. கரும்பலகையின் ஒரு பக்கம் புறப்படு, தட்டுப்படு, எதிர்ப்படு, வெளிப்படு, உட்படு என்று எழுதி, ஒவ்வொன்றையும் இரண்டாக உடைக்கச் சொல்லலாம். மறுபக்கம் ஆங்கிலச் சேர்க்கைகள். புறம் எங்கே, அவுட் எங்கே என்று பிள்ளைகளே கோடு போட்டு இணைக்கட்டும். வேறுபாட்டையும் சொல்லித்தர வேண்டும். ஆங்கிலத்தில் துணுக்கு வினைக்குப் பின்னால் வரும். தமிழில் முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் ‘புட்’டுக்கும் ‘ஆன்’னுக்கும் நடுவே சட்டையையே நுழைத்துவிடலாம், தமிழில் ‘புற’வுக்கும் ‘பட்டான்’னுக்கும் நடுவே எதையும் நுழைக்க இடமில்லை. செயப்பாட்டு வினைப் பாடம் வரும்போது எடுத்தனூர் நடுகல்லின் படத்தைக் காட்டி, நாய் கடித்ததை நாயே எழுவாயாய் நிற்கும்படி ஒருமுறை எழுதச் சொல்லிவிட்டு, அதன்பிறகு வினாத்தாள் கேட்கும் வடிவத்துக்குப் போகலாம்.